மைக்கில் வராத வீடு

எங்கள் ஊர்ப் பெரிய தெருவின் சரித்திரம் தெரிய வேண்டுமென்றால் ஆடி மாதம் அம்மன் ஊர்வலத்தன்று வர வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. அம்மன் ஒவ்வொரு வாசலிலும் நிற்பாள். ஊர்வலத்தை முன்நின்று நடத்தும் முருகவேல் மைக்கில் அந்த வீட்டின் பெயரைச் சொல்லுவார், வீட்டில் மூத்தவர் தேங்காய்த் தட்டை நீட்டுவார். "தபால்காரர் வூடு" என்பார் முருகவேல். தபால்காரர் செத்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது; அங்கே இப்போது பியூட்டி பார்லர். "தறிக்காரர் வூடு" என்பார். உள்ளே செல்போன் ரிப்பேர். செத்தவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருநாள் மைக்கில் உயிரோடு வருவார்கள். நல்ல வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை.

என் குறை எங்கள் வீட்டைப் பற்றியது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து இந்தத் தெருவில் நாங்கள் வீடு வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. முன்னறையில் கடை. சாமை, தேன், கடுக்காய், புளி விற்கிறோம். முதல் வருஷ ஊர்வலத்துக்கு என் கணவர் புது வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முருகவேல் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே "தெய்வசிகாமணி வூடு" என்றார். தெய்வசிகாமணி எங்களுக்கு வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனவர். என் கணவர் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார். அதிலிருந்து வருஷா வருஷம் அவர் சிரிப்பார், எனக்கு வயிறு எரியும்.

பழைய பெயர்தான் நிலைக்கும், தெரு வழக்கம் அப்படி என்றார்கள். சரி என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அப்புறம் சின்னசேலத்துக்காரர் ஒருவர் கீழ்க்கோடி வீட்டை வாங்கினார். ரைஸ் மில் வைத்திருப்பவர். அந்த ஆடியிலேயே "ரைஸ் மில்காரர் வூடு" என்று மைக்கில் வந்தது. அவர் வாசலில் மட்டும் வழக்கம் வளைந்து கொடுத்தது.

எங்கள் வாசலில் எங்கள் பெயரைச் சொன்னால் என்ன என்று நேராகப் போய் முருகவேலிடம் கேட்டேன். தெருவே கூடிப் பேச வேண்டிய விஷயம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார். புருஷன் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இந்தத் தெருவோ அவரை "ஏம்ப்பா மலை" என்று கூப்பிடுகிறது, நேற்று மீசை முளைத்தவன் உட்பட. அவர் பெயரை ஒரே ஒரு தரம், எல்லார் காதிலும் விழும்படி யாராவது சொல்லிக் கேட்க வேண்டும். அம்மனிடம் நான் அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

இந்த வருஷம் ஊர்வலத்தன்று காலையில் முருகவேலே வீட்டுக்கு வந்தார். வாயெல்லாம் பல். தெய்வசிகாமணி சென்னையிலிருந்து வந்திருக்கிறாராம். பிறந்த வீட்டு வாசலில் நின்று தட்டு கொடுக்க ஆசைப்படுகிறாராம். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொள்ளலாமாம். என் கணவர் தலையாட்டினார். பூம்பூம் மாடு தோற்றது.

"ஒரு தட்டுதான, உட்டுடு" என்றார் என்னிடம். வாசல் தெளித்தேன், கோலம் போட்டேன், தட்டில் தேங்காய் பழம் வெற்றிலை வைத்தேன்.

பொழுது சாயும்போது மேளம் எங்கள் பக்கம் வந்தது. தெய்வசிகாமணி பட்டு வேட்டியோடு படியேறி நடுவில் நின்றார். என் கணவர் ஓரமாக, அவரிடம் கொடுக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், கல்யாண வீட்டில் செருப்பைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியவர் மாதிரி. அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

ஊர்வலத்தன்று எங்கள் தெருவில் ஒரு கதவு சாத்தியிருந்தால் உள்ளே சாவு என்று அர்த்தம். சாவு வீட்டைத் தாண்டி அம்மன் போக மாட்டாள். அங்கிருந்தே கோயிலுக்குத் திரும்பிவிடுவாள். கீழே இருக்கிற வீடுகளுக்கு அந்த வருஷம் அம்மன் கிடையாது. இது தெரிந்துதான் சாத்தினேன். ஆனாலும் சாமி முகத்துக்கு நேராகக் கதவடைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மேளம் நின்றது. முருகவேல் கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா இது? அம்மா நின்னுகினு இருக்கா. கதவத் தொறம்மா."

"யாரு வூட்டுக் கதவுன்னு மைக்ல சொல்லுங்க. தொறக்குறேன்."

வெளியே குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. ரைஸ் மில்காரர் வீட்டில் காத்திருக்கிறார்கள், நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். பிறகு மைக் கரகரத்தது.

"மலைக்காரங்க வூடு" என்றார் முருகவேல்.

தாழ்ப்பாளுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். மலையில் எத்தனையோ வீடு இருக்கிறது. அவர் அதையே இன்னொரு தரம் சொன்னார். நான் அசையவில்லை.

மேளம் மறுபடி தொடங்கியது. கோயிலுக்குத் திரும்புகிறார்கள் என்று நினைத்தேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் கீழ்ப்பக்கமாகப் போனது. பக்கத்து வாசலில் "டீச்சர் வூடு" என்று மைக் சொன்னது. சாவு வீடு என்றால் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இந்த இடத்தில் ஒரு வீடே இல்லை என்பது போல அம்மனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் கணவர் பெயரைச் சொல்வதைவிட வழக்கத்தை மீறுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கதவோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

மறுபடியும் யாரோ தட்டினார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"யாரு?" என்று கத்தினேன்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"தர்மன்."

என் கணவர் குரல்தான். ஆனால் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. டீச்சர் வீட்டு வாசலில் மேளம் ஒரு அடி தப்பியது. அவர் திரும்பவும் சொன்னார்.

"தர்மன் வூடு. தொற."

திறந்தேன். தெய்வசிகாமணி போயிருந்தார். தெருவே கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கணவர் படியின் நடுவில், யாருக்கும் கொடுக்காத தட்டோடு நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.