சமையலறைக்குப் போன சிரிப்பு

1

இந்தக் கதையின் மூலத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை பெஞ்சில் ஒருத்தி வயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "உனக்கென்ன, நீ சிரிப்பே." அந்த வரியைச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் அவளைத் தையல்காரி ஆக்கினேன். வயிற்றிலும் தையல், மெஷினிலும் தையல். ரொம்பவும் சாமர்த்தியம், அடித்துவிட்டேன். இப்போது அவள் கணக்கு டீச்சர், பிரசவ விடுப்பில் இருக்கிறாள்.

வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்து வாரங்கள் ஓடிவிட்டன. "மேல் தையல் நல்லா ஆறிடுச்சும்மா, உள்ளே ஆற இன்னும் நாளாகும்" என்றார் டாக்டரம்மா. இருமினால் வலி, எழுந்தால் வலி, சிரித்தால் உயிரே போகிறது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களின் கூத்தையெல்லாம் தினமும் அவளிடம்தான் வந்து கொட்டுவான். வீடு திரும்பிய அன்றே, "இனிமே என்னைச் சிரிக்க வச்சீங்க, கொன்னுடுவேன்" என்று அவளேதான் தடை போட்டாள்.

3

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவன்? கதைகள் சமையலறைக்குப் போயின. அங்கே, உதவிக்கு வந்திருந்த ஓரகத்தி. சுகப்பிரசவக்காரி. (இந்தச் சொல்லை டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறாள்.)

"என்னடி அப்படிச் சிரிப்பு?"

"மாமா ஒரு கதை சொன்னாருக்கா. உங்களுக்கு வேணாம், வலிக்கும்."

அந்த அக்கறைதான் டீச்சரை அதிகம் சுட்டது. அவர்கள் இருவருக்கும் இடையில் ஏதோ

[இல்லை. கதையை அந்தப் பக்கம் இழுக்காதீர்கள். நான் இழுத்துப் பார்த்தாயிற்று. அவளுக்குச் சந்தேகமெல்லாம் இல்லை. தன் கதைகளை இன்னொருத்தி கேட்கிறாளே என்ற பொறாமை. அவ்வளவுதான்.]

4

ஒரு முடிவு: சண்டை, ஓரகத்தி பெட்டியைக் கட்டுகிறாள். (அப்புறம் யார் சமைப்பது?)

இன்னொன்று: வலி சட்டென்று நின்றுவிடுகிறது. (பொய். கதை முடியப்போவது வலிக்கு எப்படித் தெரியும்?)

5

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். மாலை. வேலை முடிந்து வந்தவன் சமையலறைப் பக்கம் திரும்புகிறான்.

"இங்க வாங்க."

இருமல் வந்தால் செய்யச் சொல்லி நர்ஸ் காட்டிக்கொடுத்தது போல, தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.

"இன்னைக்கு யாரு மாட்டினா?"

"வேணாம்மா, வலிக்கும்."

"வலிக்கட்டும். முதல்ல எனக்குச் சொல்லுங்க."

அவன் வாயைத் திறக்கிறான். நான் மாட்டிக்கொண்டேன். எனக்குச் சிரிப்புக் கதை எழுத வராது. எழுதிக் கொடுத்ததையெல்லாம் அவள் முகம் மாறாமல் கேட்டு முடித்தாள். உங்களுக்கு ஒன்றாவது தெரிந்திருக்குமே, சொல்லுங்கள். தலையணையைப் பிடித்தபடி காத்திருக்கிறாள்.

கொஞ்சம் மெதுவாக. சமையலறைக்குக் கேட்டுவிடப் போகிறது.