மூழ்கத் தெரியாத சடையன்

1974ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், லைட்ஹவுஸ் குப்பத்தில் தகர டின்னை அடிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கரையில் டின் சத்தம் என்றால் படகு கவிழ்ந்தது என்று பொருள். அடித்தவள் முனியம்மாள், கவிழ்ந்தது அவள் புருஷன் சடையனின் படகு. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்துக்கு ஊரே ஓடியது. சடையன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேல் அவன் நனையவில்லை. கரையேறியதும், தன் துடுப்பை யாராவது பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்டான். அந்த வாரம் வெள்ளை இறால் விலை ஏறியிருந்ததால் ஊர் இதைப் பற்றி இரண்டு நாளைக்கு மேல் பேசவில்லை.

மூன்றாம் நாள்தான் விஷயத்தின் கஷ்டம் தெரிந்தது. பழவேற்காடு ஏரி பெரிதே தவிர ஆழம் கிடையாது; பெரும்பாலான இடங்களில் மார்பளவு தண்ணீர். அங்கே மீன்பிடிப்பு என்பது பாதி நேரம் தண்ணீரில் நின்று செய்கிற வேலை. சேற்றில் காலை ஊன்றி, கழி நட்டு, வலை கட்டவேண்டும். சடையன் ஏரியில் இறங்கப் பார்த்தான், ஏரி அவனை இறங்க விடவில்லை. சிமெண்டுத் தரையில் நிற்பவன்போல நின்றான். இடுப்பில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு முயன்றான். கல் கயிறு போகிற மட்டும் கீழே போய்த் தொங்கியது, அவன் மேலேயே நின்றான். குனிந்து கழி நட்டால் அது பிடிமானம் இல்லாமல் சாய்ந்தது. “மூழ்கத் தெரியாத மீன்காரன், அடுப்பு மூட்டத் தெரியாத சமையக்காரன். நல்ல சோடிதான் போ” என்றாள் முனியம்மாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனாள். சடையன் பூநாரைகளுக்கு நடுவே நின்று, மற்றவர்களுடைய படகுகளைக் கயிறு கட்டி மாடுபோல இழுத்துக் கொடுத்துப் பிழைத்தான்.

அவனுக்கு இருந்த பெரிய பயம் பாடு போய்விடும் என்பது. இறால் ஓட்டமுள்ள இடங்களை அந்த ஏரிக்காரர்கள் பாடு என்பார்கள். தை மாதம் அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வார்கள். சீட்டு விழுந்தவன் தன் இடத்துக்குப் போய், தன் கால் சேற்றில் பட நின்று, முதல் கழியைத் தானே நடவேண்டும். மகன் நட்டாலும் செல்லாது, தம்பி நட்டாலும் செல்லாது. மூன்று தை தவறினால் அந்தக் குடும்பத்தின் பெயர் சீட்டிலிருந்து எடுக்கப்படும், மறுபடி ஏறாது. சடையனின் அப்பனுக்கும் அப்பனின் அப்பனுக்கும் சீட்டில் பெயர் இருந்தது. எழுபத்தைந்து தை தவறியது. எழுபத்தாறும் தவறியது.

இந்தக் குப்பத்தின் தெற்குக் கோடியில் ஓலைக் கொட்டகை ஒன்றில் ஆபிரகாம் என்ற உபதேசியார் ஜெபக் கூட்டம் நடத்திவந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், ரயில்வே கேங்மேன் ஒருவரின் மகன், குள்ளமானவர். ஒரு சிறிய மிஷன் அவரை அனுப்பியிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு பேரைச் சேர்த்திருந்தார். மீனவர்களுக்குப் பிரசங்கம் செய்ய வந்த அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். படகில் ஏறும்போதும் கண்ணை மூடிக்கொண்டே ஏறுவார், யாராவது கைபிடித்து உட்காரவைக்க வேண்டும்.

பிற்பகல்களில் அவர் அப்துல் ஹையின் ஐஸ் கொட்டகைக்குப் போவார். அப்துல் ஹை பழவேற்காட்டின் பழைய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர், இறாலை ஐஸில் அடுக்கி மெட்ராசுக்கு அனுப்புபவர். படகுகள் வந்து சேரும்வரை இரண்டு பேரும் மரப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வாதம் செய்வார்கள். ஊர்த் தலைவர் திருவேங்கடம் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டிருப்பார். நீங்கள் இயேசு என்கிற ஈசா நபி மேல் எங்களுக்கு உங்களைவிட மரியாதை அதிகம், அதனால்தான் அவரைச் சிலுவையில் சாகவிடாமல் ஆண்டவன் உயர்த்திக்கொண்டான் என்கிறோம் என்பார் அப்துல் ஹை. சாவையே பார்க்காதவர் சாகப்போகிறவனுக்கு எப்படித் துணையாவார் என்பார் ஆபிரகாம். “ஏன்பா, எங்க அம்மனும் இருக்கா, உங்க சாமியும் இருந்துட்டுப் போகட்டும். ஏரியில இடமா இல்ல?” என்பார் திருவேங்கடம். “நான் இடம் கேட்டு வரல தலைவரே. எது மெய்னு கேட்டுக்கினு இருக்கறேன்” என்பார் ஆபிரகாம். ஐஸ் உருகி ஓடும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் ஒருவரையும் மாற்றவில்லை, ஒருவரும் ஒருநாளும் வராமல் இருந்ததுமில்லை.

எழுபத்தாறு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபிரகாம், இயேசுவின் சீடரான பேதுரு கடலின் மேல் நடந்ததைப் பிரசங்கம் செய்தார். இயேசுவைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக்கும் நடந்தார், காற்றையும் அலையையும் பார்த்தார், மூழ்கினார் என்றார். கொட்டகைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த சடையனும் அதைக் கேட்டான். மறுநாள் ஐஸ் கொட்டகையில் திருவேங்கடம் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார். “உங்க பேதுரு நாலு அடி வச்சு மூழ்கிட்டாரு. எங்க சடையன் ரெண்டு வருசமா மூழ்கல. கள்ளு குடிக்கிறான், ஒரு சாமியையும் ஒழுங்கா கும்பிட மாட்டான். இப்ப சொல்லு உபதேசியாரே, யாரு சாமி பெரிசு?” அப்துல் ஹையும் சிரித்துக்கொண்டே, அவுலியாக்கள் என்கிற மகான்கள் இதுபோல் செய்ததாக எங்களிடமும் சொல்வார்கள், ஆனால் அவர்களில் யாரும் சடையனைப்போல் கெட்ட வார்த்தை பேசியதாகக் கேள்விப்பட்டதில்லை என்றார்.

ஆபிரகாம் பதினோரு நாள் யோசித்தார். ஐஸ் கொட்டகைக்கு வந்தார், உட்கார்ந்தார், எழுந்து போனார். பன்னிரண்டாம் நாள் பேசினார்.

“பேதுரு நடந்தாருன்னு பெருமைப்பட்டு நாங்க அதைச் சொல்லிக்கிறது இல்ல தலைவரே. மூழ்கும்போது கத்தினாரு, இயேசுவோட கை வந்துது. நான் நம்புறது அந்தக் கைய. காலை இல்ல. சடையன் கால் எங்கேருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொன்னா, எனக்குத் தெரிஞ்சதையும் எவன் நம்புவான்?”

“இது வாதமா, வாபஸா?” என்றார் அப்துல் ஹை.

“வாதம்தான் பாய். கொஞ்சம் சின்னதா இருக்குது.”

இந்தச் சின்ன வாதம் பொன்னேரியில் இருந்த மிஷன் போதகருக்குப் பிடிக்கவில்லை. அவர் சுறுசுறுப்பான மனிதர். ஒரு போட்டோக்காரருடன் படகில் வந்து இறங்கினார். சடையன் விசுவாசித்ததால் நடக்கிறான் என்று ஆபிரகாம் ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தந்தால் ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டடமாகும் என்றார். சடையன் விசுவாசிக்கவில்லையே ஐயா என்றார் ஆபிரகாம். அப்படியானால் விசுவாசிக்க வைத்துவிடலாம் என்று போதகர் ஏரியிலேயே ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்தார். சடையன் உடனே ஒப்புக்கொண்டான். ஒரு மனிதனை முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்குவதுதான் அந்தச் சடங்கு என்று கேட்டதும், அமுக்கத் தெரிந்தவர்கள் கடைசியில் வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். ஆபிரகாம் அவனைத் தனியே அழைத்து, இது வைத்தியம் இல்லை, இதற்கு வேறு அர்த்தம் என்று விளக்கினார். அவன் தலையாட்டினான். “அர்த்தம் அப்பால பாத்துக்கலாம் உபதேசியாரே, தை நெருங்குது” என்றான்.

நான்கு ஆட்கள் அவன் தோளில் கைவைத்து அமுக்கினார்கள். சடையன் தண்ணீரின் மேல் மல்லாந்து, மிதவைக் கட்டைபோல் உருண்டான். போதகர் தாமே அவன் மார்பின் மேல் சாய்ந்து அமுக்கியபோது அவன் வழுக்கிக்கொண்டு போக, போதகர் தலைகுப்புற விழுந்து மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தார். “போதகருக்கே ஆயிடுச்சுடி ஞானஸ்நானம்!” என்று கரையிலிருந்து முனியம்மாள் கத்தினாள். போட்டோக்காரர் எடுத்தது அந்த ஒரு படம்தான். ஈர வேட்டியோடு கரையேறிய போதகர், இது கர்த்தருடைய செயல் அல்ல, பிசாசின் செயல் என்று வரும் ஞாயிறே சபையில் அறிவிக்கும்படி ஆபிரகாமுக்கு உத்தரவிட்டார். காலையில் கர்த்தர், மத்தியானம் பிசாசா, எனக்கு இரண்டும் தெரியாது ஐயா, நம்மிடம் பிடிபடாததை எல்லாம் பிசாசு என்றால் நாம் எதைக் காப்பாற்றுகிறோம் என்றார் ஆபிரகாம். மார்கழி முடிவில் கடிதம் வந்தது. அவருடைய ஊழியம் நிறுத்தப்பட்டது, கொட்டகையை மூடிவிட்டுப் பொன்னேரிக்கு வரவேண்டும்.

ஆபிரகாம் தகரப் பெட்டியோடு ஊரைவிட்டுக் கிளம்பியதும், எழுபத்தேழாம் வருஷத் தை மாதத்தில் சடையனின் மூன்றாவது முறை வந்ததும் ஒரே காலையில் நடந்தன. பழவேற்காட்டு ஊருக்குப் போகிற படகு, சடையனுக்குச் சீட்டு விழுந்த இடத்தின் ஓரமாகத்தான் போகவேண்டும். அங்கே திருவேங்கடம் தன் படகில் சூடம் வைத்த தட்டோடு காத்திருந்தார். சடையன் கழியோடு தண்ணீரின் மேல் நின்று, குதித்துக் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் முனியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆபிரகாம் விடைபெற வேண்டும் என்று நினைத்தார். படகில் எழுந்து நின்று, கண்ணைத் திறந்து, சுற்றிலும் தண்ணீரைப் பார்த்து, விழுந்தார்.

அங்கே சடையனுக்கு மார்பளவு ஆழம்தான். காலை ஊன்றியிருந்தால் ஆபிரகாமுக்கும் கழுத்தளவுதான். நீச்சல் தெரியாதவனுக்கு அதுவும் சமுத்திரம். இரண்டு தடவை உள்ளே போனார். மூன்றாம் தடவை மேலே வந்தபோது “சடையா, புடிடா!” என்று கத்தினார். சடையன் கழியைப் போட்டுவிட்டு ஓடினான், தண்ணீர் தெறிக்க ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். பிடித்த மாத்திரத்தில் மார்பளவுக்கு உள்ளே இறங்கினான். அவன் கால் சேற்றைத் தொட்டது. இரண்டேகால் வருஷத்துக்குப் பிறகு தொட்ட சேறு. அவன் அழுதான் என்று திருவேங்கடம் பிற்பாடு சொன்னார். முகம் ஈரமாக இருந்ததால் நிச்சயமில்லை என்றும் சொன்னார்.

கையை விட்டுப் பார்த்தார்கள், சடையன் மேலே வந்தான். பிடித்தார்கள், கீழே போனான். மூன்று முறை சோதித்தார்கள். தலைவர் படகில் இருந்த பெரியவர்களில் ஒருவர், பாடு உள்ள தண்ணீரில் வேறு மதத்துக்காரர் நிற்கலாமா என்று கேட்டார். திருவேங்கடம் யோசித்தார். “சேத்துல படவேண்டியது சடையன் காலு. அது பட்டுச்சு. புடிச்சிருக்கிற கை யாருதா இருந்தா நமக்கு இன்னா?” என்று தீர்ப்புச் சொல்லி, சூடத்தை ஏற்றித் தட்டை ஆபிரகாம் பக்கம் நீட்டினார்.

“தொட்டுக்க மாட்டேன் தலைவரே, கோவிச்சுக்காதீங்க” என்றார் ஆபிரகாம், கழுத்தளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு. “ஆனா அது அணையற வரைக்கும் நிக்கறேன்.”

நின்றார். சூடம் அணைந்தது. சடையன் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முதல் கழியை நட்டான். ஆபிரகாம் பொன்னேரிக்குப் போகவில்லை, கொட்டகையையும் மூடவில்லை.

அதன் பிறகு ஆண்டுகள் வேகமாகப் போயின. சடையன் கழி நடும் நாளெல்லாம் ஆபிரகாம் கூடப் போனார். தினமும் ஒரு பங்கு இறால் அவர் வீட்டுக்கு வந்தது. தண்ணீர் பயம் மட்டும் போகவில்லை. படகிலிருந்து இறக்கிவிட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே சடையன் கையைப் பற்றி நிற்பார். எண்பத்து நான்காம் ஆண்டுப் புயலில் ஜெபக் கொட்டகையின் கூரை பறந்தது. ஞாயிறு காலைகளில் ஜெபத்துக்கு ஐஸ் கொட்டகையைத் திறந்துவிட்டார் அப்துல் ஹை. வாதத்தில் உன் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே என்று முதல் நாளே எச்சரித்தார். கொட்டகையைக் கொடுத்ததற்காக உங்களிடம் தோற்பேன் என்று நீங்களும் நினைக்காதீர்கள் என்றார் ஆபிரகாம். திங்கட்கிழமை இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

எண்பத்தாறு மாசியில் ஒரு முற்பகல், இறால் வர நேரமாகிறதே என்று அப்துல் ஹை தானே ஒரு படகை எடுத்துக்கொண்டு சடையனின் பாடு இருக்கிற இடத்துக்குப் போனார். சடையன் வழக்கம்போல மார்பளவு தண்ணீரில் நின்று கழி நட்டுக்கொண்டிருந்தான். அவன் இடது கை மட்டும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு ஆபிரகாம் தண்ணீரின் மேல் நின்றிருந்தார். வேட்டி முழங்காலில் காற்றுக்கு ஆடியது. கணுக்காலுக்கு மேல் நனையவில்லை.

அப்துல் ஹை துடுப்பை நிறுத்தினார். இது எத்தனை நாளாக என்று விரலாலேயே கேட்டார். புயலுக்கு முந்தின வருஷத்திலிருந்து என்று சடையன் மெல்லச் சொன்னான். வேட்டி காய்ந்திருப்பதுகூடவா அவருக்குத் தெரியவில்லை என்று கிசுகிசுத்தார் அப்துல் ஹை. கரைக்குப் போகிற வழியில் நானே தண்ணீரை வாரி இறைத்துவிடுவேன் என்றான் சடையன். ஆபிரகாமின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அப்துல் ஹைக்கு இருபது வருஷ வாதம் தொண்டைவரை வந்தது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார்.

சடையன் கழியை விட்டுவிட்டு, வலது கை விரலை உதட்டில் வைத்தான்.

“கூப்பிடாதீங்க பாய். கீழ பாத்தாருன்னா மூழ்கிடுவாரு.”