முதுகு தட்டையான போன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாயான் பாருவில் ஒரு போன் கடை. ஒரு பெண் ஒவ்வொரு போனாகக் கவிழ்த்து, அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் கண்டது அவ்வளவுதான். மோனிக்கா என்ற பெயரும் மற்றதெல்லாமும் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: மழை விட்டிருந்த அந்த மாலையில் மோனிக்கா... (வேண்டாம். மழைக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: மோனிக்காவுக்குக் கேமரா என்றாலே பிடிக்காது, ஏனென்றால் சின்ன வயதில்... (பொய். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பத்துப் படமாவது எடுப்பவள் அவள்.)

விஷயம் இதுதான். அவளுக்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை வேலை. உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது என்பதால், காலையில் கேட்டில் காவலர் இத்ரீஸ் போன் கேமராவின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். மாலையில் அது அப்படியே இருக்க வேண்டும். அவள் போனிலோ கேமரா புடைத்துக்கொண்டு நிற்கிறது. பையில் உரசி உரசி இரண்டு முறை ஸ்டிக்கர் உரிந்துவிட்டது.

"நீ படம் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்லா," என்றார் இத்ரீஸ். "ஆனா மூணாவது தடவ உரிஞ்சா நான் ஆபீசுக்கு எழுதிக் குடுத்தே ஆகணும். அப்புறம் வேல இருக்காது."

பதினோரு வருட வேலை. பசைக்கு அது தெரியுமா?

3

கடைக்காரன் குகன் புது போன் ஒன்றை நீட்டினான்.

"இதப் பாருங்க அக்கா. நிலாவக்கூட கிட்டத்துல எடுக்கலாம்."

"நிலாவ வச்சு நான் என்ன பண்றது தம்பி? முதுகு தட்டையா இருக்கணும். இருக்கா?"

"அப்படி யாரும் கேட்டதே இல்லலா."

கடைசியில் கண்ணாடிப் பெட்டியின் மூலையிலிருந்து பழைய மாடல் ஒன்று வந்தது. தடவினாள். விரலில் எதுவும் தட்டவில்லை.

"பேட்டரி மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும்."

"வேலையில தொடவே மாட்டேன். போதும்."

[குகனை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம். விட்டால் அவன் எனக்கே ஒன்று விற்றிருப்பான்.]

4

மறுநாள் மாலை. இத்ரீஸ் கை நீட்டுகிறார்.

முடிவு அ: ஸ்டிக்கர் இருக்கிறது. (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: வியர்வையில் பசை இளகி... (பாவம், இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.)

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று கடையில் அந்தப் பெண்ணை, அவளிடம் கேட்காமலே, ஒரு படம் எடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவும் எழுதினேன். எடுக்காத படத்துக்காக மோனிக்காவின் வேலை போகலாம். எடுத்த எனக்குக் கதை கிடைத்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

முடிவு சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. போன் அவள் உள்ளங்கையில் இருக்கிறது, திரை மேலே பார்க்க. இத்ரீஸ் காத்திருக்கிறார். நீங்களே திருப்பிப் பாருங்கள்.