தறிகள் நின்ற மத்தியானம்

மறுபடியும் கம்ப்யூட்டர் திரை நீலமானபோது யோகலட்சுமிக்குக் கோபம்கூட வரவில்லை. பக்கத்துக் கூடத்தில் விசைத்தறிகள் நான்கும் வாயை மூடிக்கொண்டு நின்றன. நிறுத்தச் சொன்னவள் அவள்தான். தறி ஓடினால் கரண்ட் குதிக்கிறது, கரண்ட் குதித்தால் கம்ப்யூட்டர் பாதியில் நின்று விழுகிறது என்று கொஞ்ச நாளாக வீட்டில் ஒரே சண்டை. காலையில் அருள்முருகன் ஒரு வார்த்தை பேசாமல் தறிகளின் மெயின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, மலைக்குப் போகும் காவடிகளை வேடிக்கை பார்ப்பவன்போல வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். புருஷன் மட்டுமல்ல, அத்தை மகனும்கூட, அவளுக்குப் பாவா. அவன் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம், பேசாமலிருந்தால்தான் ஆபத்து. இப்போது தறியும் ஓடவில்லை, விளக்கும் மினுக்கவில்லை. அப்படியும் விழுந்துவிட்டது. பழி போட ஆளில்லை.

அரக்கோணம் ஜவுளிக்கடை பங்காருவின் மகளுக்குக் கல்யாணப் புடவை. முந்தானை டிசைன் பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அவர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். அவர் போனால் கம்ப்யூட்டரில் டிசைன் வரையும் இந்த மேசை போகும்; பழையபடி ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்ற உட்கார வேண்டியதுதான். தார் சுற்றுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் தான் வரைந்த பூ புடவையாகி வந்ததைத் தொட்டுப் பார்த்தவளால் இனி அது முடியாது. அருள்முருகனோ யார் கேட்டாலும், “உள்ள படம் போட்டுகினு கீறா” என்பான். அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தோழி உதயாவுக்குப் போன் போட்டாள். பெரிய டிசைனைத் திறக்கும்போதுதான் விழுகிறது என்றதும், கரண்டை விடு, உள்ளே செருகியிருக்கும் ரேம் பட்டையாக இருக்கும் என்றாள் உதயா. இருக்கிற இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துச் சோதனை ஓட்டு, அப்புறம் மாற்றிப் போடு, எதற்குச் சிவப்பு வரி வருகிறதோ அதுதான் கெட்டது என்றாள். சோதனை புரோகிராம் உதயா முன்பே கொடுத்திருந்த பென்டிரைவில் இருந்தது.

அவசரத்தில் ஒன்றைப் பிடுங்கி, திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசையில் வைத்தாள். உள்ளே இருந்தது தேறிவிட்டது. அதற்கே வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது. மேசையில் இருந்ததை மாற்றிப் போட்ட மறுநிமிஷம் திரை முழுக்கச் சிவப்பு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். தங்க நிறப் பற்களின் இரண்டு முனையிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவுக்கு ஆயுத பூஜையன்று அப்படித்தான் செய்வார்கள். தறியிலிருந்து எடுத்து, துடைத்து, இரண்டு முனையிலும் பொட்டு வைத்து, மறுபடி உள்ளே போடுவார்கள்.

அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். ஒற்றை ரேமில் அந்த டிசைன் திறக்காது. இன்னொரு சோதனைக்கு நேரமுமில்லை. இரண்டையும் பொருத்திவிட்டு வாசலில் இருந்தவனைக் கூப்பிட்டாள்.

“பாவா, பூஜையன்னிக்கு இந்த கம்ப்யூட்டர தொறந்தியா?”

அவன் நிலைப்படியில் நின்றான். “ஆங். எல்லா தறிக்கும் வச்சிட்டு உன் தறிய மட்டும் எப்டி வுடறது?”

உன் தறி. படம் போடுகிறாள் என்று சொல்லித் திரிந்தவன் இதைத் தறி என்கிறான். இத்தனை நாள் எதையெல்லாம் சொல்லி இவனைத் திட்டினோம் என்று நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அதாலதான் கம்ப்யூட்டர் வியிதா?” என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் கம்ப்யூட்டரின் மூடியைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினாள்.

“தறிய போடு பாவா.”

“டிசைன் போயிடப் போவுது.”

“போடு.”

கூடத்தில் தறிகள் ஓடத் தொடங்கித் தரை அதிர்ந்தது. விளக்கு மங்கி, பிறகு தெளிந்தது. அவள் டிசைனைத் திறந்தாள். மேலிருந்து வரிவரியாக முந்தானை இறங்கியது. முதலில் கொடி, அப்புறம் அன்னத்தின் கொண்டை, கண், அலகு. கழுத்துவரை வந்து அன்னம் அப்படியே நின்றுவிட்டது; திரை மட்டும் இன்னும் நீலமாகவில்லை. கூடத்தில் அருள்முருகன் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், கதவு வழியாக எட்டி, அந்தப் பாதி அன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.