மாந்தோப்புக்கு மேல் முரளிதரன்

பங்காருபாளையத்தில் கோபிகிருஷ்ணனின் மாந்தோப்பில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. அதை ஓட்டிய முரளிதரன் விழவில்லை. மரங்களுக்குச் சற்று மேலே, இருக்கையில் உட்கார்ந்திருந்த அதே வாக்கில், காற்றில் தூங்கிக்கொண்டிருந்தார். துணை விமானி ஜெபகுமாருக்குக் கால் முறிந்தது. நகரியிலிருந்து அன்றே வந்துவிட்ட முரளிதரனின் மனைவி யாமினி அண்ணாந்து பார்த்தாள். சத்தம் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் கோடைப் புயலில் கரையோரமெல்லாம் வெள்ளம். ஆட்களை மீட்க விமானிகள் ஓய்வில்லாமல் பறந்தார்கள். அவர்களுடைய விமானத் தளத்தில் காலையில் டாக்டர் விமானிகளை வரிசையாக நிற்கவைத்து, தூங்கினீர்களா என்று கேட்பார். இல்லை என்று சொன்னவன் அன்று பறக்க வேண்டாம்; ஆனால் அவன் பறக்க வேண்டிய முறை பக்கத்தில் நிற்பவனுக்குப் போகும். அவனும் தூங்கியிருக்க மாட்டான். ஆகவே எல்லோரும் தூங்கினோம் என்றார்கள். முரளிதரனும் சொன்னார்.

விசாரணை அதிகாரிகள் வந்தபோது தோப்பில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறி முரளிதரனை உலுக்கினார்கள், ஜீப் ஹாரனை அடித்தார்கள். காய் பறித்துக்கொண்டிருந்த வெங்கடம்மா, "எங்க ஊட்டுக்காரனாவது துன்னுட்டுத் தூங்குவான். இவரு துன்னாமயே தூங்கறாரு, செலவில்ல" என்றாள். கடைசியில் யாமினியைக் கூப்பிடச் சொன்னார்கள். அவள் குரலுக்கு அவர் இறங்கிவிடுவார் என்று அவளுக்கும் தெரியும்.

ஊன்றுகோலோடு நின்ற ஜெபகுமார் அவளிடம் மெல்லச் சொன்னான்: "வேணாம் அண்ணி. எழுந்தா, பறக்கறதுக்கு முன்னாடி தூங்கினியான்னு கேப்பாங்க. தூங்கினேன்னுதான் சொல்லுவாரு, எங்களைக் காட்டிக்குடுக்க மாட்டாரு. தப்பு பூரா அவரு மேல உழுந்துடும்."

யாமினி ஏணியில் ஏறினாள். கணவரின் வாயோரம் வழிந்திருந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள். கூப்பிடாமல் இறங்கினாள்.

"நல்லா தூங்கிக்கினு கீறாரு. நான் எழுப்ப மாட்டேன்" என்றாள் அதிகாரிகளிடம். பிறகு ஜெபகுமாரைப் பார்த்தாள். "உனக்கும் வாய் கீதுல்ல? நீ சொல்லேன்."

ஜெபகுமார் ஊன்றுகோலை ஊன்றி அதிகாரிகள் முன்னால் போய் நின்றான். பிறகு சொன்னான்: அந்த வாரம் தளத்தில் யாருமே தூங்கவில்லை.

அறிக்கையில் காரணம் விமானிகளின் தூக்கமின்மை என்று எழுதப்பட்டது. மற்றவர்களை ஓய்வுக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். யாமினி பங்காருபாளையத்திலேயே வீடு பிடித்தாள். மழைக்காலத்தில் தோப்பு ஆட்கள் அவருக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். மாமரங்கள் மறுபடி பூத்தபோது முரளிதரன் காலை நீட்டி ஒருக்களித்துப் படுத்தார். அன்று குளிர் அதிகம். யாமினி ஏறிப்போய்ப் போர்வையை இழுத்துவிட்டு வந்தாள்.