ஈரச் சாம்பலில் தடம்

சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து செங்கல் கம்பெனியின் பின்பக்கக் கேட்டில் ஸ்டானிஸ்லாஸ் காத்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு நாய்களும் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைச் சிக்கலாக்கின. பெட்டை ரோசி, கடுவன் கருவா. இரண்டுக்கும் எட்டு மாதம்தான் ஆகிறது. தோளில் பழைய விசைப்படகு வலையில் வெட்டிய துண்டு, கையில் ஈட்டி.

கேட்டைத் திறந்தது வாட்ச்மேன் அல்ல, சூப்பர்வைசர் திருமுருகனேதான். உள்ளே போகிறவன் எவனாக இருந்தாலும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். இன்று நோட்டும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. “வாண்ணே, டீ சாப்டு” என்று கண்ணாடித் தம்ளரை நீட்டினான். பதினோரு மாதமாக இதே கேட்டில் இவன் வேலை கேட்டு வந்து நின்றபோதெல்லாம் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ‘யோவ், போய்ட்டு அப்பால வா’ என்றவன். ஸ்டானிஸ்லாஸ் டீயை நாக்கில் வைத்தும் வைக்காததுமாகக் குடித்தான்.

அவன் இதே கம்பெனியில் லோடு ஏற்றியவன். போன வருடம் செங்கல் மெஷின் அவனுடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டுப் பிரிப்பதற்குள் கேட் பாஸை நிறுத்திவிட்டார்கள். நொண்டுகிறவன் லோடு தூக்க மாட்டானாம். அன்று முதல் அத்திப்பட்டுப் பக்கத்துக் கொல்லைகளில் பன்றி விரட்டிக் கொடுத்துத்தான் பிழைப்பு.

கம்பெனி அனல்மின் நிலையச் சாம்பலைக் குழைத்துச் செங்கல் அறுக்கிறது. கழுவிய தண்ணீரெல்லாம் பின்னால் உள்ள பெரிய குட்டையில் தேங்கும். குட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருப்பது ஒரு மண்கரை. வியாழக்கிழமை அந்தக் கரை பத்தடி அகலத்துக்கு உடைந்து, குட்டை மொத்தமும் ஆற்றில் இறங்கிவிட்டது. ஸ்டானிஸ்லாஸின் மனைவி தேவப்பிரியம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவள். வெள்ளிக்கிழமை அவள் கைக்கு வந்ததெல்லாம் சாம்பல் சேறு. ஊர்ச் சனம் கேட்டில் போய்ச் சத்தம் போட்டது. கரையைக் காட்டுப்பன்றி தோண்டிப் பறித்துவிட்டது என்று திருமுருகன் சொன்னான். அன்று சாயங்காலமே ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு ஆள் வந்தது. ஒரு பன்றியை அடித்துக் காட்டினால் திங்கட்கிழமை பாஸ் கையில்.

தேவப்பிரியத்துக்கு மனசு ஒப்பவில்லை.

“அண்ணேன்னு சொல்லி அனுப்பிகிறான்னா இன்னாமோ கீது. நீ போவாத.”

“பாஸ் வந்தா போதும். அவன் இன்னா வோணா கூப்டுகினு போட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

காட்டுப்பன்றியைத் தொட்டால் வனத்துறை கேஸ் என்று அவனுக்குத் தெரியும். அனுமதிப் பேப்பரைக் கேட்டான். “ஆபீஸ்ல கீதுண்ணே, நீ நாய அவுத்து வுடு” என்றான் திருமுருகன்.

காய்ந்த பன்றித் தோலை நாய்களின் மூக்கில் தேய்த்து, உடைப்பில் இறக்கினான். குட்டி நாய்களை வைத்து வேட்டையாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வயசான நாய் எஜமானைக் குஷிப்படுத்த இல்லாத பன்றிக்கும் குரைக்கும். குட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரோசி கரையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மோந்துவிட்டு உட்கார்ந்து காதைச் சொறிந்தது. கருவா தேங்கிய தண்ணீரை நக்கியது. பன்றி பறித்தால் மண் உழுதது போலக் குதறிக் கிடக்கும். இங்கேயோ உடைப்பின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தாக இருந்தது. மண்வெட்டி அகலத்துக்கு வரிவரியாக வெட்டு.

“இங்க பன்னி வாடையே இல்ல சார்.”

“அது உனக்கு இன்னாத்துக்குண்ணே? நீ பன்னியப் புடி.”

ஸ்டானிஸ்லாஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கரையை இவர்களே வெட்டிவிட்டுப் பழியைப் பன்றி தலையில் கட்டப் பார்க்கிறார்கள். தேவப்பிரியத்தின் வெறுங்கூடை கண்ணில் நின்றது. ஆனாலும் பன்றி கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. போகட்டும் என்று நாய்களை மேலே ஓட்டினான்.

அரை கிலோமீட்டர் தள்ளி, காம்பவுண்டு ஓர வேலிக்காத்தான் புதரில் நாய்கள் வாடை பிடித்தன. மூக்கு தரையில் ஒட்ட, வால் விறைக்க, இரண்டும் உள்ளே பாய்ந்தன. ஸ்டானிஸ்லாஸ் இடைவெளியில் வலையைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் பதுங்கினான். பன்றி முட்டிக்கொண்டு வந்து வலையில் சுருண்டது. அனுபவமில்லாத கருவா முகத்துக்கு நேராகப் போய்த் தொடையில் ஒரு கீறல் வாங்கியது. ஈட்டி இரண்டாவது குத்தில் வேலையை முடித்தது.

விழுந்த இடத்திலேயே வயிற்றைக் கீறி, சூடான ஈரலை முதலில் நாய்க்குக் கொடுப்பதுதான் வழக்கம். கொடுக்காவிட்டால் அடுத்த முறை குட்டி தேடாது. அவன் கத்தியை எடுத்ததும் திருமுருகன் தடுத்தான். உடைப்புக்குக் கொண்டுபோய்ப் போட்டோ எடுக்க வேண்டுமாம், மற்றதெல்லாம் அப்புறமாம்.

கயிறு கட்டி இழுத்தான். வழி நெடுக ரத்தக் கோடு விழுந்தது. நாய்கள் அதை நக்கிக்கொண்டே பின்னால் வந்தன. உடைப்புக்குப் பக்கத்தில் ஈரச் சாம்பல் செருப்பைப் பிடித்து இழுத்ததால் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றான்.

“கால் தெரியற மாரி நில்லுண்ணே” என்றான் திருமுருகன். நாலைந்து படம் எடுத்தான். பிறகு குனிந்து தரையையும் எடுத்தான். தரையைப் போய் எதற்கு எடுக்கிறான் என்று ஸ்டானிஸ்லாஸுக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை பாஸ் என்ற நினைப்பு அதை அமுக்கிவிட்டது.

திங்கட்கிழமை கேட்டில் பாஸ் இல்லை. ஜீப் நின்றது. வனத்துறை ஆட்கள் இரண்டு பேர், கரை உடைந்ததை விசாரிக்க ஃபைலோடு வந்த இன்னொரு அதிகாரி. வியாழக்கிழமை திருட்டு வேட்டைக்காரன் நாய்களை விட்டுப் பன்றியை விரட்டியதில், அது கரையில் ஏறி மோதிக் கரை உடைந்ததாக ஃபைலில் இருந்தது. கூடவே போட்டோக்கள். எதிலும் தேதி இல்லை.

“கர ஒட்ஞ்சது வியாழக்கெழம சார். நான் உள்ள வந்ததே சனிக்கெழம. இவருதான் கூப்ட்டாரு.”

“எவன்யா கூப்ட்டது? பேப்பர் கீதா?” என்றான் திருமுருகன்.

கேட் நோட்டைப் புரட்டினார்கள். சனிக்கிழமையில் அவன் பெயர் இல்லை.

அதிகாரி எல்லோரையும் உடைப்புக்கு நடத்திப் போனார். வெட்டு இருந்த இடம் தெரியாமல் புது மண் கொட்டி, தட்டி, சமன் செய்திருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு முழ அகலச் சாம்பல் மட்டும் செங்கல் வைத்து மறித்து, மிதிபடாமல் காக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் வெயிலில் அது சிமெண்டாக இறுகியிருந்தது. நாய்க் கால்கள், நடுவில் ஓர் ஆள் கால்.

செருப்பைக் கழற்றி அதில் வைக்கச் சொன்னார் அதிகாரி. ஸ்டானிஸ்லாஸ் வலது காலை வைத்தான். குதிகால் பொருந்தியது, மூன்று விரல்களும் பொருந்தின. மெஷின் தின்ற இரண்டு விரல்களுக்கான இடத்தில் சாம்பல் பள்ளமே விழாமல் வழவழவென்று இருந்தது. அதிகாரி குனிந்து அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.