பெயர் கேட்டு வந்த மாப்பிள்ளை

எங்கள் குடும்பப் பெயர் ஷஃபிள்பாட்டம். சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது ஷஃபிள். பாட்டம் என்றால் நாம் உட்காரும் இடம். இரண்டையும் சேர்த்து ஒரு சிறுமியின் தலையில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சீக்கிரம் தப்பித்தேன். பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு ஜாய்ஸ் லோமாக்ஸ் ஆகிவிட்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா நோரீன்தான் மாட்டிக்கொண்டாள். நான் பதிலுக்கு வாயாடிச் சமாளிக்கிறவள். அவளுக்கு அது வராது. டாக்டர் வீட்டுக் காத்திருப்பறையில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டால், சிரிப்பு அடங்கும்வரை எழுந்திருக்கவே மாட்டாள். தன் முறையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நாளும் உண்டு.

இருபத்திரண்டு வயதில் அவளுக்கு மான்செஸ்டரில் ஒரு பெரிய கடையில் வேலை கிடைத்தது. கையுறை விற்கும் பிரிவு. சேர்ந்த முதல் நாளே மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இங்க வர்றவங்கெல்லாம் பெரிய இடத்துப் பெண்கள். அவங்க முன்னாடி இந்தப் பேரை நான் எப்படிக் கூப்பிடறது? இனிமே நீ மிஸ் ஸ்மித்."

நோரீன் வருத்தப்பட்டாள் என்று நினைக்காதீர்கள். அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கி என் வீட்டுக்கே ஓடிவந்து சொன்னாள். "ஸ்மித்துடி! ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல!" அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அதன்பிறகு நான்கு வருடம், எங்கள் ஊர் பெரியில் பஸ் ஏறும்போது ஒரு பெயர், மான்செஸ்டரில் இறங்கும்போது ஒரு பெயர். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரி டிரைவர்தான் டெரிக் ஹார்கர். ஒருநாள் எண்ணெய்க் கறை படிந்த கோட்டோடு கையுறைப் பிரிவில் வந்து நின்று, வெள்ளை ஆட்டுத்தோல் கையுறை ஒன்றைத் தூக்கிப் பார்த்தானாம்.

"இது லாரி ஓட்டற கைக்கு இல்லீங்க" என்றாள் நோரீன்.

"தெரியும். உங்ககிட்ட பேச வேற வழி தெரியல."

அப்படித்தான் தொடங்கியது. ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அதுவரைக்கும் அவனுக்கு அவள் மிஸ் ஸ்மித்தான். பஸ்ஸில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாளாம். வாய் வரவில்லை. கதவைத் திறந்தவர் அப்பா. காகித ஆலையில் முப்பது வருடம் இயந்திரங்களுக்கு மேலாகக் கத்திப் பேசிப் பழகிய குரல்.

"வில்ஃப் ஷஃபிள்பாட்டம்! உள்ள வாப்பா, மழையில நிக்காத!"

நான் சமையலறையில் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பை பலகாரத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது. டெரிக் நோரீனைத் திரும்பிப் பார்த்தான்.

"ஸ்மித்துன்னு சொன்னே?"

"கடையில வெச்ச பேரு அது." அவள் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டெரிக் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"இந்தப் பேர்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

"இந்தத் தெருவுலயே மூணு வீடு" என்றார் அப்பா. " சேப்பல்ல ஜெபத்துக்குப் போனா ஒரு பெஞ்சு முழுக்க நாங்கதான். மலையடிவாரம் வரைக்கும் போ, தடுக்கி விழுந்தா எங்காளு மேலதான் விழுவே."

"என் பேர்ல நான் ஒருத்தன்தான்" என்றான் டெரிக்.

பிறந்து சில நாள்கூட ஆகாத அவனை யாரோ ஒரு ரயில் நிலையக் காத்திருப்பறையில், சுருட்டிய கம்பளியில் விட்டுப் போயிருக்கிறார்கள். கண்டெடுத்த சுமைதூக்கியின் பெயர் ஹார்கர். அனாதை விடுதியில் அதையே எழுதிக்கொண்டார்கள். பதினெட்டு வயதில் அந்த மனிதரைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறான். அவர் வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீ நல்லா இரு. ஆனா இந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு இந்தத் தெருப் பக்கம் வராத. என் பொண்டாட்டி தப்பா நெனச்சுக்குவா" என்றாராம். டெரிக் இதை ஒரு வேடிக்கைக் கதை போலத்தான் சொன்னான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு துண்டுப் பலகாரத்தை அவன் தட்டில் வைத்தார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் ஆனது. நோரீன் செய்தித்தாள் ஓரத்திலெல்லாம் "நோரீன் ஹார்கர்" என்று கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். டெரிக் வேறு ஒன்றில் இறங்கியிருந்தான். அவன் லாரி போகாத ஊர் கிடையாது. எந்த ஊரில் நிறுத்தினாலும் தொலைபேசிக் கூண்டுக்குள் போய், அங்கே கிடக்கும் டைரக்டரியில் எங்கள் பெயரைத் தேடுவான். எத்தனை பேர் என்று ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்வான். பெரி, போல்ட்டன் பக்கம் பத்தி பத்தியாக இருக்கும். செஷயரில் குறையும். பர்மிங்காம் தாண்டினால் ஒன்றோ இரண்டோ. நார்விச்சில் ஒருவரும் இல்லை.

"என்னமோ ஆட்டு மந்தைய எண்ற மாதிரி எண்றான்" என்று நோரீன் என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில், டெவனில் ஒரு மலைப்பாதையில் லாரி பழுதாகி நின்றுவிட்டது. உதிரி பாகம் மறுநாள்தான் வருமாம். ஊரில் இருந்த ஒரே விடுதியும் மூடிக் கிடந்தது. வழக்கம்போல டைரக்டரியைப் புரட்டினான். ஒரே ஒரு ஷஃபிள்பாட்டம். ஆர்னல்ட். டெரிக் நாணயத்தைப் போட்டுச் சுழற்றினான்.

"ஐயா, உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் பெரியில நோரீன் ஷஃபிள்பாட்டத்தைக் கட்டிக்கப் போறேன்."

எங்கே நிற்கிறாய் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். பிறகு, "அங்கயே நில்லு, வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று பதில் வந்தது.

ஆர்னல்ட் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருடைய தாத்தா வேலை தேடி எங்கள் லங்காஷயரிலிருந்து தெற்கே போனவர். டெரிக்குக்குச் சூடாகச் சாப்பாடு போட்டு, காய்ந்த சட்டை கொடுத்து, பெயரின் கதையையும் சொல்லியிருக்கிறார். நடப்பதற்கும் பிட்டத்துக்கும் அதில் சம்பந்தமே கிடையாதாம். எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் பாட்டம் என்றால் பள்ளத்தாக்கின் அடி. முன்பாதி, ஆடும் நீரூற்றும் சேர்ந்த ஒரு சொல். எழுநூறு வருடமாக வாயில் உருண்டு உருண்டு தேய்ந்துபோயிருக்கிறது. ஆடுகளைக் கழுவும் நீர் ஓடும் பள்ளம். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. பெரிக்கு மேலே உள்ள மலைகளில் எங்கோ இருந்த இடம். எந்தப் பள்ளம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டெரிக் திரும்பி வந்த சனிக்கிழமை நான் அப்பா வீட்டில்தான் இருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். பிறகு நோரீனைப் பார்த்துச் சொன்னான்.

"கல்யாணத்துக்கு அப்பறம் நீ ஹார்கர் ஆக வேணாம். நான் ஷஃபிள்பாட்டம் ஆயிடறேன்."

நோரீன் தேநீர்க் கோப்பையை ஓசை வர வைத்தாள்.

"விளையாடறியா?"

"இல்ல. முன்னபின்ன தெரியாத மனுஷன், அந்தப் பேரைச் சொன்னதும் கதவைத் திறந்தார். ஹார்கர்னு சொல்லி எனக்கு எந்தக் கதவும் திறந்ததில்ல."

"உனக்குத் திறந்துச்சு. எனக்கு? இருபத்தாறு வருஷமா இந்தப் பேரை நான் சுமக்கறேன். எப்ப இறக்கி வைக்கலாம்னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன். இறக்கறப்ப நீ வந்து திரும்பத் தூக்கி வைக்கறே! என்னைக் கட்டிக்க வந்தியா, எங்க குடும்பத்தைக் கட்டிக்க வந்தியா?"

அவன் அதற்குப் பதில் சொல்லத் தாமதித்தான். அந்தத் தாமதம்தான் அவளைச் சுட்டது. மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துல என் பின்னாடியே பிள்ளைங்க காலைத் தேச்சுக்கிட்டு வரும். பன்னிரண்டு வயசு எனக்கு. அது என்னன்னு உனக்குத் தெரியாது டெரிக். தொப்பி மாதிரி மாட்டிப் பாக்கற பேர் இல்ல இது."

"சரி" என்றான் அவன் மெதுவாக. "ஒரு வாரம் மாட்டிப் பாக்கறேன். டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். முடியலேன்னா நானே வந்து ஒத்துக்கறேன்."

அவன் போனபின் அவள் அழுதாள். "அவன் அநாதையா வளர்ந்ததுக்கு நான் என்னடி பண்ணுவேன்?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அந்த வியாழக்கிழமை, இருப்பு எடுக்க நோரீன் கடையின் பின்பக்கம் போயிருக்கிறாள். சரக்கு இறக்கும் இடத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு தகரக் கதவு. அந்தப் பக்கம் குரல்கள்.

"ஏய் ஷஃபிள்பாட்டம்! பின்பக்கத்தை ஆட்டிக்கிட்டுச் சீக்கிரம் வா, வண்டிய இறக்கணும்!"

"ஆட்டறதுக்கு எனக்கு இருக்கு. உனக்கு பேன்ட்டே இடுப்புல நிக்க மாட்டேங்குது" என்று டெரிக்கின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

பிறகு வேறொருவன். அதில் விளையாட்டு இல்லை. "பொண்டாட்டி பேரை வெச்சுக்கப் போறியாமே? அவ பாவாடையையும் வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதானே?"

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. நோரீன் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"எனக்குப் பேர் குடுத்தவர் என்னை வாசப்படிகூடத் தாண்ட விட்டதில்ல" என்றான் டெரிக். கோபமே இல்லாத குரல். "இந்தப் பேர் உள்ள வீட்டுல ஒருத்தி இருக்கா. அவ இல்லேன்னா எனக்கு அந்தப் பேரும் வேணாம், வீடும் வேணாம். அவ எது சொல்றாளோ அதான். ஸ்மித்துன்னு இருக்கச் சொன்னாலும் இருப்பேன். இப்ப அந்தப் பெட்டியோட மறுமுனையப் பிடி."

சனிக்கிழமை அவள் எதிர்பார்த்த பதில் அதுதான். வியாழக்கிழமை, ஒரு தகரக் கதவு வழியாக வந்து சேர்ந்தது.

பின்னாலிருந்து மேலாளர் கூப்பிட்டார். "மிஸ் ஸ்மித்! அங்க என்ன பண்றீங்க?"

நோரீன் திரும்பினாள்.

"என் பேர் ஸ்மித் இல்ல சார். நோரீன் ஷஃபிள்பாட்டம்."

"அதைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

"பேச ஒண்ணும் இல்ல சார். பேரை மாத்தி எழுதுங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். ஒரு வாரம் கழித்து அவள் சட்டையில் குத்திக்கொள்ளப் புதிய பெயர் வில்லை வந்தது. அதில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பினாள்.

தகரக் கதவு விஷயம் நடந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டெரிக் அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தான். மோதிரம் நோரீனின் விரலுக்குத் திரும்பியிருந்தது.

"பொண்ணு கேட்டு ஏற்கெனவே வந்துட்டேன். இப்ப பேர் கேட்டு வந்திருக்கேன்" என்றான்.

அப்பா அவனை நெடுநேரம் பார்த்தார். "இதைக் கேட்டு வந்தவனை நான் பாத்ததே இல்ல. விட்டாப் போதும்னு ஓடினதுங்களத்தான் பாத்திருக்கேன்." கண் என் பக்கம் வந்துபோனது. எனக்குத் தரையைப் பார்க்க வேண்டியதாயிற்று. என் கல்யாணத்தன்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் சத்தமாகப் பெருமூச்சு விட்டதை அவர் கேட்டிருக்கிறார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அவர் எழுந்து கொல்லைப்புறம் போனார். பத்து நிமிடம் வெங்காயத்தாள் பாத்திக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"வெளியே காத்து ஜாஸ்தி" என்றார். "எனக்குச் சம்மதம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. யாராவது சிரிச்சா, நீயும் கூடச் சேர்ந்து சிரி. நாங்க இவ்வளவு காலமும் அப்படித்தான் ஓட்டியிருக்கோம்."

"நோரீனுக்கு அது வராதுப்பா" என்றேன் நான்.

"அவளுக்கு வர வேணாம். அவளுக்கும் சேத்து இவன் சிரிப்பான்."

ஏப்ரலில் வக்கீல் முன்னால் பெயர் மாற்றப் பத்திரத்தில் டெரிக் கையெழுத்துப் போட்டான். மே மாதம் சேப்பலில் கல்யாணம். மணமகனுக்கும் மணமகளுக்கும் ஒரே குடும்பப் பெயரைப் பார்த்த புதுப் போதகர், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் நெருங்கின சொந்தமா?" என்று கேட்டார். முன்பெஞ்சு முழுவதும் குலுங்கியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நோரீன். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

விருந்து சேப்பலின் பின்கூடத்தில். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த ஹாட்பாட், ஊறுகாய் போட்ட சிவப்பு முட்டைக்கோஸ், மூன்று பெரிய கெட்டில் தேநீர். ஆர்னல்ட் டெவனிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். எங்கள் மூன்று வீட்டு ஆட்கள், மலையடிவாரத்து ஆட்கள், அவர்களுடைய குழந்தைகள் என்று நினைத்ததைவிட இருபது பேர் அதிகம். டெரிக் புதுக் கோட்டில், நெஞ்சில் பூவோடு, என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் தன்னை விருந்தாளி போல நடத்துவார்கள் என்று எண்ணியிருப்பான் போல.

எங்கள் ஆக்னஸ் அத்தை கூடத்தின் மறுகோடியிலிருந்து அவனைக் கண்டுபிடித்தாள்.

"ஏய், நம்ம டெரிக்! சும்மா நின்னுக்கிட்டு என்ன பண்றே? கீழ போய் எட்டு நாற்காலி தூக்கிட்டு வா. உன் மாமனுங்க நிக்கறாங்க பாரு!"

அவன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு கோட்டைக் கழற்றி நோரீன் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே படியில் இறங்கி ஓடினான்.